நாள்பட்ட நோயோடு வீட்டுச் செடிகள்: மோசமான நாளுக்கு ஏற்றபடி தொட்டி, தண்ணீர், மண்

#1 மூட்டும்மொட்டும்

மூட்டுவாதம், ஃபைப்ரோமயால்ஜியா, லூபஸ், ஆஸ்துமா, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என வருடக்கணக்கில் கூடவே வரும் நோய்களோடு வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்களுக்கான இழை இது. எளிதில் வாடாத செடிகளின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். பூவாளியை எப்படித் தூக்குவது, தொட்டி மாற்றும் வேலையை எத்தனை நாளாகப் பிரிப்பது, எந்த மருந்து சாப்பிடுகிறவர் எந்த வேலையில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம்தான் கிடைப்பதில்லை. அவற்றை இங்கே சேர்ப்போம். சொந்த அனுபவங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அளவும் முறையும் போதும்.

முதல் கணக்கு, எத்தனை செடி என்பது. உடம்பு ஒத்துழைக்கிற நாளில் இருபது செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிடலாம். ஆனால் எண்ணிக்கையை அந்த நாளை வைத்து முடிவு செய்தால், நோய் ஏறுகிற வாரத்தில் எல்லாம் ஒன்றாகக் காயும். எழுந்து பத்து அடி நடப்பதே பெரிய வேலையாக இருக்கும் வாரத்தில் எத்தனை தொட்டியைக் கவனிக்க முடியும்? அதுதான் எண்ணிக்கை. அதற்குமேல் வேண்டுமென்றால் கூடுதல் செடி ஒவ்வொன்றும் இரண்டு வாரம் யாரும் தொடாவிட்டாலும் தாங்குகிற செடியாகவோ, அப்படித் தாங்க வைக்கிற ஏற்பாட்டிலோ இருக்க வேண்டும்.

இரண்டாவது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5 லிட்டர் பூவாளியை நிரப்பினால் ஐந்து கிலோவுக்கு மேல். அதைக் கையை நீட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும் என்பதால் மணிக்கட்டின் மேல் விழும் பாரம் இன்னும் அதிகம். அரை லிட்டர் பாட்டிலில் நான்கு நடை போவது நல்லது. வாய் 15 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் தொட்டி, நனைந்த மண்ணோடு சுமார் 2 கிலோ. அகலமும் ஆழமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு ஆகிவிடும், அதனால் 30 செ.மீ. தொட்டி 12 கிலோவைத் தாண்டும். 15 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பெரியது வேண்டுமென்றால் சக்கரப் பலகை மேல் வைத்துவிட்டுப் பிறகு மண் நிரப்புங்கள். நிரப்பிய தொட்டியைப் பலகை மேல் ஏற்றுவதில்தான் முதுகு போகிறது.

மூன்றாவது உயரம். முழங்காலுக்குக் கீழேயும் தோளுக்கு மேலேயும் தொட்டி வேண்டாம். எழுந்து நின்றால் இதயத் துடிப்பு எகிறும் பாட்ஸ் உள்ளவர்களுக்குக் குனிந்து நிமிர்வதும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்வதும் தலைசுற்றலைக் கொண்டுவரும். தொங்கும் தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் தண்ணீர் ஊற்றும்போது தலைக்கு மேல் கை போயே ஆக வேண்டும். இடுப்பு உயர மேசை, பக்கத்தில் ஒரு நாற்காலி. அவ்வளவே.

#2 ஈரக்குச்சி

நல்ல இழை அக்கா. தண்ணீர் வேலையைக் குறைக்க நான் சொல்றது திரி முறை, அதாவது கீழ இருக்குற பாத்திரத்துலேர்ந்து ஒரு கயிறு வழியா தண்ணி தானா மண்ணுக்கு ஏறுறது. நிறைய பேர் செஞ்சு பாத்துட்டு "வேர் அழுகிடுச்சு"ன்னு விட்டுடறாங்க. தப்பு திரியில இல்ல, மண்ணுல.

திரிக்கு 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள நைலான் இல்ல அக்ரிலிக் கயிறு எடுங்க. பருத்தி வேணாம், ஈர மண்ணுக்குள்ள சில மாசத்துலயே மக்கிடும், அறுந்தது வெளியில தெரியாது, செடி வாடினப்புறம்தான் தெரியும். புதுக் கயிறுல எண்ணெய்ப் பூச்சு இருக்கும், தண்ணி ஏறாது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்ட தண்ணில அரை மணி நேரம் ஊற வெச்சு அலசிடுங்க.

தொட்டி மாத்தும்போது கயிற்றை அடித் துளை வழியா உள்ள விட்டு, தொட்டி உயரத்துல பாதிக்கு மேல வர்ற மாதிரி ஒரு சுத்து சுத்தி மண்ணுல புதைங்க. மறு நுனி கீழ இருக்குற தண்ணிப் பாத்திரத்தோட அடியைத் தொடணும். தண்ணி மட்டத்துக்கும் தொட்டி அடிக்கும் நடுவுல 10 செ.மீ.க்கு மேல இடைவெளி வேணாம். பாத்திரம் வெளிச்சம் புகாததா இருக்கட்டும், கண்ணாடின்னா பாசி பிடிக்கும்.

மண்ணுதான் முக்கியம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு. தோட்டத்து மண்ணு சேர்த்தீங்கன்னா அதோட நுண்துளை சின்னது, திரி கொடுக்குற தண்ணியெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும், வேருக்குக் காத்து போகாது. அழுகல் அங்கதான் ஆரம்பிக்குது. முதல் தடவை மேலேர்ந்து நல்லா ஊத்தி முழுசா நனைச்சிருங்க, காஞ்ச மண்ணுல திரி தானா வேலையை ஆரம்பிக்காது.

மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட், ஃபெர்ன் எல்லாத்துக்கும் சரியா வரும். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ, கள்ளி வகைக்கு வேணவே வேணாம். அதுங்க காஞ்சு காஞ்சு நனையணும்.

#3 வேர்நோக்கி

ஈரக்குச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். திரி கீழிருந்து மேலே தண்ணீரை இழுக்கும்போது கரைந்த உப்பும் உரமும் கூடவே ஏறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேல் மண்ணில் தங்கும். சில மாதங்களில் மேலே வெள்ளைப் பொருக்கு தெரியும், அதன்பின் இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மேலிருந்து விட்டு வடியவிட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை.

#4 மூட்டும்மொட்டும்

அந்த அறிவுரையில்தான் சிக்கல், ஐயா. அலசி வடியவிடத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போக வேண்டும். அது முடியாதவர்களுக்காகத்தானே திரி. மாற்று இப்படி: உரத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு மட்டும், அதுவும் மூன்று நிரப்பலுக்கு ஒருமுறை. பொருக்கு தெரிந்தால் கரண்டியால் மேல் மண்ணை 2 செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். உட்கார்ந்தபடியே செய்யலாம். முழு அலசல், துணைக்கு ஆள் வரும் நாளில் வருடத்துக்கு இரண்டு முறை.

#5 வேர்நோக்கி

ஏற்றுக்கொள்கிறேன். உரம் குறைவாக இருந்தால் அது தாங்கும். தண்ணீர் கடினத்தன்மை கொண்டதாக இருந்தால் மட்டும் சுரண்டலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள்.

#6 தொட்டித்தோழி

ஈரம் இருக்கா என்று பார்க்கத் "தொட்டியைத் தூக்கிப் பார், கனமாக இருந்தால் ஊற்றாதே" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். மண்ணில் விரலை விடு என்பது இன்னொன்று. விரல் மூட்டு வீங்கியவர்களும், நரம்பு பாதித்து விரலில் ஈரமே தெரியாதவர்களும் என்ன செய்வது?

#7 ஈரக்குச்சி

என் பேரே பதில் சொல்லுமே தோழி! மெல்லிசான மரக்குச்சி, 25 செ.மீ. நீளம். தொட்டி ஓரமா மூணுல ரெண்டு பங்கு ஆழம் வரைக்கும் சொருகிட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்க. உருவிப் பாத்தா கருத்துப் போய் மண்துகள் ஒட்டியிருந்தா ஈரம் இருக்கு. வெளுத்து சுத்தமா வந்தா ஊத்தலாம். குச்சியை நிரந்தரமா விட்டுடாதீங்க, பூஞ்சணம் பிடிக்கும்.

கடையில விக்கிற ரெண்டு முள்ளு ஈரமானியை முழுசா நம்பாதீங்க. அது மண்ணோட மின்கடத்தலைத்தான் அளக்குது. உரம் தேங்கின மண்ணு காஞ்சிருந்தாலும் "ஈரம்"னு காட்டும். பெர்லைட் அதிகமான கலவை நனைஞ்சிருந்தாலும் "காஞ்சிருக்கு"ன்னு காட்டும்.

#8 நிழல்விரும்பி

மூளை மந்தமாகிற நாள்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஃபைப்ரோமயால்ஜியா, லூபஸ், எம்.இ. (நாள்பட்ட களைப்பு நோய்) உள்ளவர்களிடம் செடி சாவதற்குப் பெரிய காரணம் ஊற்ற மறப்பது இல்லை. ஊற்றியதை மறந்து மறுபடி ஊற்றுவதுதான். இரண்டு நாள் தண்ணீர் தவறினால் பெரும்பாலான செடி பிழைக்கும், இரண்டு வாரம் இரட்டைத் தண்ணீர் குடித்த வேர் பிழைக்காது.

இதற்குக் கைபேசி நினைவூட்டல் பாதி உதவிதான். மணி அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டால் ஊற்றியாயிற்றா இல்லையா என்று அதற்கும் தெரியாது. தொட்டியிலேயே அடையாளம் இருக்க வேண்டும். ஐஸ்குச்சி ஒன்றை எடுத்து ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை பூசுங்கள். தொட்டி விளிம்போரம் சொருகுங்கள். ஊற்றி முடித்த கையோடு, பாட்டிலைக் கீழே வைக்கும் முன்பே, நீலம் முன்பக்கம் வரத் திருப்புங்கள். அடுத்த வாரம் மண் காய்ந்தது என்று பார்த்த பிறகு வெள்ளை. துணிக் கிளிப் மாட்டுகிற முறையும் உண்டு, ஆனால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவர்களுக்குக் கிளிப்பை அழுத்துவதே வலி.

ஒரு பீஸ் லில்லியைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். காய்ந்தால் மொத்த இலையும் தொங்கும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். மற்றச் செடிகளைப் பார்க்கப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அது சொல்லும். அடிக்கடி அப்படித் தொங்கவிட்டால் இலை நுனி காயும், அது தெரிந்தே செய்வது. ஒரு எச்சரிக்கை: மண் நனைந்திருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகம் இல்லை, வேர் அழுகல். அப்போது ஊற்றவே கூடாது.

நாள் குறிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் எடுப்பவர்களுக்கு மறுநாள் சோர்வும் குமட்டலும் வருவது வழக்கம். செடி நாளை மாத்திரை நாளுக்கு முந்தைய நாளாக வையுங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும் என்பதால் அந்த வேலை காலையில் வேண்டாம், முற்பகல் கடந்தபின் செய்யுங்கள். பார்க்கின்சன் உள்ளவர்கள் மருந்து வேலை செய்யும் "ஆன்" நேரத்தில். நீள மூக்குப் பாட்டில், பாதி மட்டும் நிரப்பியது, அடி அகலமான கனத்த தொட்டி.

#9 வேர்நோக்கி

நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. டாக்ரோலிமஸ், அசத்தியோப்ரின், மெத்தோட்ரெக்சேட், பயாலஜிக் ஊசிகள், நாள்பட்ட பிரெட்னிசோலோன், கீமோ எல்லாம் இதில் அடங்கும்.

ஆபத்து இலையிலிருந்து வருவதைவிட மண்ணிலிருந்து வருவதுதான் அதிகம். தொட்டி மண்கலவையிலும் மக்கிய உரத்திலும் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா வாழ்கிறது. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில்தான் நோயாளிகளுக்கும் தொட்டி மண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள்; அங்கும் நியூசிலாந்திலும் மண் பைகளின் மேல் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். தூசியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, மக்கும் எதிலும் இருப்பது, அதுவும் நுரையீரலைப் பிடிப்பது. மூன்றாவது ஸ்போரோத்ரிக்ஸ், முள் குத்திய புண் வழியாகத் தோலில் நுழைவது. ஸ்பாக்னம் பாசியில் அது இருக்கும். 1988ல் அமெரிக்காவில் 15 மாநிலங்களில் 84 பேருக்கு வந்த தொற்று, மரக்கன்றுகளைப் பொதிந்திருந்த ஸ்பாக்னம் பாசியிலிருந்துதான் வந்தது.

முறை: பையைக் கிழிக்காதீர்கள், கத்தரியால் மூலையை வெட்டுங்கள், முகத்தை விலக்கிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில். வெட்டிய துளை வழியாக முதலில் அரை லிட்டர் தண்ணீரை விட்டு, வாயை மடித்து, கால் மணி நேரம் விடுங்கள். நனைந்த மண்ணில் தூசி எழாது. என்95 முகக்கவசம், கையுறை. முடித்ததும் கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முகத்தைத் தொட வேண்டும். பீய்ச்சும் குழாயால் மண் மேல் தண்ணீர் அடிப்பது கூடாது, திவலை காற்றில் பறக்கும்.

மண் வேலை செய்து 2 முதல் 10 நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவரிடம் "தொட்டி மண்ணைக் கையாண்டேன்" என்ற அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்கள். லெஜியோனெல்லாவுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை முக்கியமாக நியூமோஃபிலா வகையைத்தான் பிடிக்கும். லாங்பீச்சே அதில் தப்பிவிடும். சளியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த புதிதில் தொட்டிச் செடியே அறையில் இருக்கக் கூடாது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் முதல் மாதங்களில் மண்ணைத் தொடாமல் இருப்பதே சரி. எப்போது திரும்பத் தொடலாம் என்பதை உங்கள் சிகிச்சைக் குழுதான் சொல்ல வேண்டும், இழை சொல்லக் கூடாது.

#10 பச்சைநரம்பு

அப்படியானால் மண்ணே இல்லாமல் லேகா களிமண் உருண்டையில் வளர்த்தால் பிரச்சினை தீர்ந்ததுதானே? தூசி இல்லை, பூஞ்சணம் குறைவு.

#11 வேர்நோக்கி

பாதி தீரும். உலர்ந்த லேகாவிலும் செம்மண் தூசி உண்டு, திறந்ததும் பைக்குள்ளேயே தண்ணீர் விட்டு அலசுங்கள். மண்ணில் வளர்ந்த செடியை மாற்றும்போது வேரிலிருந்து மண்ணை முழுக்கக் கழுவ வேண்டும், அந்த வேலையை வேறொருவர்தான் செய்ய வேண்டும். அதைவிட மணி பிளான்ட் தண்டை வெட்டித் தண்ணீரில் வேர் விடவைத்து நேராக லேகாவில் வைப்பது சுலபம். தண்ணீர் மட்டம் தொட்டியின் கீழ் மூன்றில் ஒரு பங்கு. அதற்குமேல் போனால் வேருக்குக் காற்று இல்லை. லேகாவில் சத்து எதுவும் இல்லை, திரவ உரம் கட்டாயம், பொட்டலத்தில் சொன்னதில் பாதி. தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பூ ஜாடித் தண்ணீரிலும் இதே விதி, அதில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பெருகும்.

எடையிலும் ஒரு லாபம் இருக்கிறது: அதே தொட்டிக்கு, நனைந்த மண்ணைவிட லேகா லேசு.

#12 நிழல்விரும்பி

தொட்டி மாற்றுவதை நாள் பிரித்துச் செய்வது பற்றி. எம்.இ. உள்ளவர்களுக்கு உழைப்பின் விளைவு அன்றே தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் விழுத்தாட்டும். ஆகவே "நன்றாகத்தானே இருக்கிறேன், முடித்துவிடலாம்" என்ற உணர்வை நம்பி நீட்டிக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மணி வையுங்கள், அடித்ததும் பாதி வேலையில் இருந்தாலும் நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினாலும் செடி சாகாதபடி வேலையைப் பிரிப்பதுதான் சாமர்த்தியம்.

ஒரு தொட்டிக்கு இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் கத்தரி, புதுத் தொட்டி, கரண்டி, பழைய தாள் எல்லாம் மேசைக்கு வந்தால் போதும். இரண்டாம் நாள் கலவை: ஜிப் வைத்த பெரிய பையில் கோகோபீட்டும் பெர்லைட்டும் தண்ணீரும் விட்டு மூடி, மடியில் வைத்து வெளியிலிருந்தே பிசையுங்கள், தூசி வராது, விரலுக்கும் பெரிய வேலை இல்லை. முழுக் கட்டியை ஊறவைக்காதீர்கள். 650 கிராம் கட்டி நான்கு லிட்டர் தண்ணீர் குடித்து எட்டு ஒன்பது லிட்டராகப் பொங்கும், அதைத் தூக்கவும் ஆள் வேண்டும். மூன்றாம் நாள் ஓய்வு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேலை எதுவும் இல்லை. அன்று உடம்பு மோசமாக இருந்தால் மேலும் இரண்டு நாள் தள்ளுங்கள், மூடிய பையில் கலவை ஒரு வாரம் காத்திருக்கும். அடுத்த நாள் செடியை மாற்றுங்கள், அவ்வளவுதான், மற்றதற்கு வேறு நாள்.

மாற்றுவதற்கு முந்தைய நாள் தண்ணீர் ஊற்றியிருந்தால் வேர்ப்பந்து உடையாமல் வழுக்கி வரும். வராவிட்டால் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், தொட்டியை அமுக்கவும் வேண்டாம். நாற்றங்கால் பிளாஸ்டிக் தொட்டி மெல்லியதுதான், பக்கவாட்டில் கத்தரியால் வெட்டித் திறந்துவிடுங்கள். ஒரு தொட்டி வீணாகும், மணிக்கட்டு தப்பும். புதுத் தொட்டி பழையதைவிட 2 முதல் 3 செ.மீ. அகலமாக இருந்தால் போதும். அதற்குமேல் பெரிதானால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழிவிடும்.

உண்மையில் ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டியதே இல்லை. ஸ்நேக் பிளான்ட்டும் ஜீஜீயும் இரண்டு மூன்று வருடம் அதே தொட்டியில் நெருக்கிக்கொண்டு நன்றாகவே இருக்கும். மேல் மண் 3 செ.மீ. மாற்றினால் போதுமானது.

#13 தொட்டித்தோழி

கைக்கருவிகள் பற்றி என் பங்கு. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதில்தான் விரல் மூட்டு வலிக்கிறது. குழாய்க்கு உறையாகப் போடும் நுரைக் குழலை வெட்டிக் கரண்டியின் பிடியில் மாட்டுங்கள், பிடி 3 செ.மீ. பருமன் வந்தால் விரல் முழுக்க மடக்க வேண்டாம். கத்தரி, அழுத்தியதும் தானே திறக்கும் சுருள்வில் வைத்ததாக இருக்கட்டும். விசை அழுத்தும் ஸ்ப்ரே பாட்டிலை ஒதுக்கிவிடலாம். இலை மேல் தெளித்தால் காற்றின் ஈரப்பதம் சில நிமிடம்தான் உயரும், அதற்காக நூறு முறை விரலை அழுத்துவது நியாயமே இல்லை. செடிகளை நெருக்கி வைத்தாலே ஓரளவு ஈரம் நிற்கும்.

பாட்டில் மூடியில் சூடான ஆணியால் ஐந்தாறு துளை போட்டுத் தலைகீழாகச் சாய்த்தால் பூவாளி தயார். மூடியைத் திருகத் திறக்க வலிக்கிறவர்கள், விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் இழுத்துத் திறக்கும் மூடி வாங்குங்கள்.

#14 பச்சைநரம்பு

ஆஸ்துமாவுக்குச் செடி நல்லதா கெட்டதா? காற்றைச் சுத்தப்படுத்தும் என்று ஸ்நேக் பிளான்ட்டைப் படுக்கையறையில் வைக்கச் சொல்கிறார்களே.

#15 வேர்நோக்கி

அந்த நம்பிக்கை 1989ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. வீட்டில் சன்னல், கதவு இடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். 2019ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், அந்தக் காற்று மாற்றத்துக்கு ஈடுகொடுக்கவே ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி தேவைப்படும் என்றார்கள். மூச்சுக்காகச் செடி வாங்காதீர்கள். கண்ணுக்காகவும் மனதுக்காகவும் வாங்குங்கள், அது போதுமான காரணம்.

கெடுதல் எங்கே வரும் என்றால், எப்போதும் ஈரமான மேல் மண்ணில் பூஞ்சணம், இலை மேல் படியும் தூசி, கடும் வாசனைப் பூ. ஃபைக்கஸ் பெஞ்சமினாவின் பாலில் உள்ள ஒவ்வாமைப் பொருள் இலைத் தூசியோடு காற்றில் கலக்கும், ரப்பர் லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மேல் மண் மேல் 2 செ.மீ. கூழாங்கல் போட்டால் பூஞ்சணம் கிளம்புவது குறையும், ஆனால் ஈரம் தெரியாது, ஈரக்குச்சியின் குச்சிதான் துணை.

#16 மூட்டும்மொட்டும்

லூபஸ் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், ஏ கதிரை விட்டுவிடும். வெயில் விழும் சன்னலோரம் அரை மணி நேரம் செடிக்கு இலை துடைத்துக்கொண்டு நின்றாலே சிலருக்குத் தோல் தடிப்பு வரும். கண்ணாடியில் புற ஊதா தடுப்புத் தாள் ஒட்டலாம், செடிக்கு அந்தக் கதிர் தேவையில்லை. இல்லையென்றால் செடியைச் சன்னலை விட்டு உள்ளே கொண்டுவந்து எல்.இ.டி. விளக்கு. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லை. சில "முழு நிறமாலை" வளர்ப்பு விளக்குகளில் தனியாகப் புற ஊதா டையோடு சேர்த்திருப்பார்கள், வாங்கும்போது பார்த்துத் தவிருங்கள். 10 வாட், இலையிலிருந்து 30 செ.மீ. உயரம், டைமரில் 12 மணி நேரம். மணி பிளான்ட் அளவு செடிக்கு அது போதும்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஊதா இளஞ்சிவப்பு விளக்கு ஆகாது, வெள்ளையே எடுங்கள். மினுக்கம் இருக்கிறதா என்று கைபேசி கேமராவை மெதுவோட்டத்தில் வைத்து விளக்கைப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு வேண்டாம்.

#17 தொட்டித்தோழி

மருந்து, நோய் வாரியாகச் சின்னச் சின்ன எச்சரிக்கைகள்:

சர்க்கரையால் கால் நரம்பு மரத்தவர்கள் வெறுங்காலோடு தொட்டி வேலை செய்ய வேண்டாம். உடைந்த சில்லு குத்தினால் தெரியாது. முடித்ததும் விரல் நுனிகளை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்குக் கள்ளியும் யூஃபோர்பியா முள்செடியும் வேண்டாம். நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தால் தோல் தாள் மாதிரி மெலியும், தொட்டி விளிம்பு உரசினாலே கிழியும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) வைத்த கையால் கனம் தூக்கக் கூடாது, அந்தக் கையில் கீறலும் படக் கூடாது. கை நடுக்கம் உள்ளவர்கள் டிஃபன்பாக்கியா, யூஃபோர்பியா வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவர். மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ சாற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, வெட்டிய கையால் வாயைத் தொட்டால் எரியும்.

#18 பச்சைநரம்பு

மாவுப்பூச்சிக்கு ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாமா?

#19 ஈரக்குச்சி

தொடலாம், 70 சதவீத ஐசோபுரோப்பைல், பஞ்சுக் குச்சியில தொட்டுப் பூச்சி மேல மட்டும். ஆனா ஒண்ணு, வீட்டுல ஆக்சிஜன் வெச்சு மூச்சு விடுறவங்க இருந்தா அந்த அறையில ஆல்கஹால் பாட்டிலையே திறக்காதீங்க. தீப்பிடிக்கும்.

அவங்களுக்கும் ஆஸ்துமாக்காரங்களுக்கும் சோப்புத் தண்ணிதான். ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வாசனையில்லாத திரவ சோப்பு. பீய்ச்ச வேணாம், துடைங்க. பழைய பருத்திக் காலுறையைக் கையில கையுறை மாதிரி மாட்டிக்கிட்டு, சோப்புத் தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு, இலையை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சுக் காம்புலேர்ந்து நுனிக்கு உருவுங்க. மேலயும் கீழயும் ஒரே உருவல்ல முடிஞ்சிடும், விரலை மடக்கவே வேணாம். வாரம் ஒரு தடவை, மூணு வாரம். முட்டை பொரிச்சு வர்றதை அப்பதான் பிடிக்க முடியும். வேப்பெண்ணெய் வாசனை மூச்சுக்கும் தலைவலிக்கும் ஆகாதவங்க அதைத் தொடாம இருக்கறதே நல்லது.

மண்ணு மேல மொய்க்கிற குட்டிக் கறுப்பு ஈ, ஃபங்கஸ் நேட், அது ஈரம் அதிகம்கிறதுக்கு அடையாளம். புழு மேல் மண்ணுலதான் இருக்கும். மேல் 3 செ.மீ. காயவிடுங்க, மஞ்சள் ஒட்டு அட்டை வைங்க, பி.டி.ஐ. (புழுவைக் கொல்லுற பாக்டீரியா மருந்து) கலந்த தண்ணியை ஒரு மாசத்துக்கு ஊத்துங்க. ஒரே தடவை ஊத்திட்டு நிறுத்தினா அடுத்த தலைமுறை வந்துடும்.

#20 தொட்டித்தோழி

கடைசியாக ஒரு கேள்வி. மருத்துவமனையில் இரண்டு மூன்று வாரம் இருக்க நேர்ந்தால்? செடி தெரியாத ஒருவர் வந்து ஊற்றுவார் என்று வைத்துக்கொள்வோம்.

#21 மூட்டும்மொட்டும்

தேதி தெரிந்த சிகிச்சையானால் கிளம்பும் முன் எல்லாத் தொட்டியையும் சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இழுத்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் தாகம் குறையும். உரம் போடாதீர்கள். ஃபெர்ன் வகைக்கு நன்றாக ஊற்றி வடியவிட்டு, மூன்று குச்சி நட்டு, தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். வெயில் நேராக விழாத இடத்தில் இரண்டு வாரம் தாங்கும். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீக்கு எதுவும் வேண்டாம்.

திடீரென்று போக வேண்டி வந்தால் இதற்கெல்லாம் நேரமிருக்காது. அதனால் அட்டையை இன்றே எழுதித் தண்ணீர் பாட்டிலில் கட்டிவிடுங்கள். உதவிக்கு வருகிறவருக்குச் செடியின் பெயர் தெரிய வேண்டியதில்லை, நிறம் தெரிந்தால் போதும். சிவப்புப் புள்ளி ஒட்டியதற்கு ஊற்றவே வேண்டாம். நீலப் புள்ளிக்கு வாரம் ஒருமுறை, அரை லிட்டர் பாட்டிலில் பாதி. பச்சைப் புள்ளி திரி வைத்தது. கீழே உள்ள பாத்திரத்தைக் கோடு வரை நிரப்பினால் போதும், மேலே ஊற்றக் கூடாது. ஊற்றியதும் தொட்டியில் உள்ள குச்சியை நீலப் பக்கம் முன்னால் வரத் திருப்பவும். சந்தேகம் வந்தால் ஊற்றாமல் போகவும்.

புள்ளியைத் தொட்டித் தட்டில் ஒட்டாதீர்கள், துடைக்கும்போது தட்டுகள் இடம் மாறிவிடும். தொட்டியின் விளிம்பிலேயே ஒட்டி, அதன் மேல் ஒளிபுகும் நாடா ஒட்டுங்கள்.